ஐந்து நட்சத்திரம் வாங்கித் தந்த பையன்: செந்தூல் ஞாயிறு பள்ளி ஒன்றில் நட்பும் பிறரன்பும்

கோலாலம்பூரின் செந்தூல், ரயில்வே பட்டறையை ஒட்டி வளர்ந்த ஊர். வெள்ளைக்காரன் காலத்தில் தண்டவாள வேலைக்கும் பட்டறை வேலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து ஆள் வந்தார்கள். குமாஸ்தா மேசைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார்கள். இரண்டு வழியிலும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும் கூடுகிற தமிழ்க் கிறிஸ்தவச் சபை ஒன்றின் ஞாயிறு பள்ளியில், ஏழு வயது முதல் பதினொரு வயது வரை உள்ள பிள்ளைகளின் வகுப்பில் நடந்தது இது. சுற்றுவட்டாரச் சபைகளின் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்துகிறவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். சபையின் பெயர், பிள்ளைகளின் பெயர் எதுவும் இங்கே இல்லை. ஒரு குடும்பத்தின் பாதுகாப்பும் இதில் இருப்பதால் சில அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

நடந்தது

அந்தப் பருவத்தின் பாடத் தலைப்பே 'நட்பும் பிறரன்பும்'தான். தாவீதும் யோனத்தானும், ரூத்தும் நகோமியும், சகேயு, நல்ல சமாரியன் என்று வாரத்துக்கு ஒரு கதை, ஒரு மனப்பாட வசனம், வண்ணம் தீட்ட ஒரு படம். சுவரில் நட்சத்திர அட்டை. வகுப்புக்கு வந்தால் ஒரு நட்சத்திரம், வேதாகமம் கொண்டுவந்தால் ஒன்று, வசனம் தப்பில்லாமல் சொன்னால் இரண்டு, புதிய கூட்டாளி ஒருவரை அழைத்து வந்தால் ஐந்து. பருவ முடிவில் யாருக்கு அதிகமோ அவருக்குப் பரிசு.

எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, தன் பிளாட்டில் இரண்டு மாடி மேலே குடிவந்திருந்த ஒன்பது வயதுப் பையனை அழைத்து வந்தாள். இலங்கையிலிருந்து வந்த குடும்பம். கையில் இருப்பது ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை. வகுப்பு கைதட்டி வரவேற்றது. அவள் பெயருக்கு நேரே ஐந்து நட்சத்திரம் ஏறியது. அடுத்த ஞாயிறு ஆராதனையில் அவள் தன் பழைய கூட்டாளிகளோடு பெஞ்சின் நடுவில் போய் உட்கார்ந்தாள். அவன் ஓரத்தில், கைப்பிடிச் சுவரை ஒட்டி. "நீதானே கூட்டி வந்தே, பக்கத்துல உக்காரலாம்ல?" என்று டீச்சர் கேட்டதற்கு அவள் சொன்னது:

"அவன் போன வாரமே வந்துட்டான் டீச்சர். இனி புதுசு இல்லையே."

குறும்புக்காகச் சொன்ன பேச்சு இல்லை. நட்சத்திர அட்டை சொல்லிக்கொடுத்த கணக்கின்படி அவள் சொன்னது முழுக்கச் சரி.

அதே ஆராதனையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரம் வந்தது. பெரியவர்கள் இருக்கையை விட்டு எழுந்து நடக்கிறார்கள், கைகுலுக்குகிறார்கள், ஒருவரையொருவர் நலம் விசாரிக்கிறார்கள். முன்வரிசைப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு நேரம். இரண்டு பையன்கள் பெஞ்சின் இரு முனையிலிருந்தும் எட்டிக் கைதட்டிக்கொண்டார்கள். அவர்களின் கைகள் சந்தித்தது புதியவனின் தலைக்கு மேலே. அவன் குனிந்துகொண்டான். யாரும் அவனைத் தள்ளவில்லை, கேலி செய்யவில்லை. பிறகு வகுப்பில் எல்லாரும் ஒரே குரலில் சொன்ன வசனம் யோவானின் முதலாம் நிருபம், நான்காம் அதிகாரம்: "பிரியமானவர்களே, ஒருவரிலொருவர் அன்பாயிருக்கக்கடவோம்." ஒரு எழுத்துப் பிசகவில்லை. எல்லாருக்கும் இரண்டு நட்சத்திரம்.

சில வாரங்களில் பையனின் அம்மா போதகரைப் பார்க்க வந்தார். "பிள்ளை இனி வரமாட்டன் எண்டு நிக்குது ஐயா. ஒருத்தரும் அடிக்கேல்லை, ஏசேல்லை. ஆனா ஒருத்தரும் கதைக்கினமில்லை." போதகர் வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டார். டீச்சர் அழுதுவிட்டார். வாரநாளில் கணக்காளர் அலுவலகத்தில் வேலை, சனிக்கிழமை இரவு உட்கார்ந்து பாடம் தயாரிப்பவர். அவர் தயாரிப்பில் குறையே இல்லை என்பதுதான் இந்த நிகழ்வை ஆராயத் தகுந்ததாக்குகிறது.

எங்கே இடறியது

முதலில் அட்டை. 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் அமெரிக்காவில் மழலையர் பள்ளியில் செய்த சோதனை ஆசிரியர் பயிற்சிகளில் அடிக்கடி சொல்லப்படுவது. படம் வரைவதில் தானாகவே ஆசையுள்ள பிள்ளைகளில் ஒரு குழுவிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சொன்னபடி கொடுத்தார்கள். பிறகு, பரிசு ஏதும் இல்லாத சாதாரண விளையாட்டு நேரத்தில், மற்றப் பிள்ளைகளைவிட அந்தக் குழு வரைவதில் மிகக் குறைந்த நேரமே செலவிட்டது. வரைவதற்கே இப்படியென்றால், பக்கத்து வீட்டுப் பையனிடம் பேசுவதற்குப் பரிசு வைத்தால் என்ன ஆகும்? அந்தச் சிறுமி அவனை அழைத்து வருவதற்கு முன்பே பிளாட் மாடிப்படியில் அவனோடு விளையாடிக்கொண்டிருந்தவள். அட்டை வந்த பிறகு அவன் ஐந்து நட்சத்திரமாகிவிட்டான்.

'கூட்டாளியை அழைத்து வா' என்ற அந்த வரியில் மலேசியாவுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. வகுப்பில் பாதிப்பேர் மலாய் வழித் தேசியப் பள்ளியில் படிக்கிறவர்கள். அவர்களின் நெருங்கிய கூட்டாளிகளில் மலாய் முஸ்லிம் பிள்ளைகள் இருக்கிறார்கள். முஸ்லிம்களிடையே பிற மதப் பிரசாரத்தைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்த கூட்டரசு அரசியலமைப்பின் 11(4) பிரிவு மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது. பெரியவர்களுக்குத் தெரிந்த இந்த எல்லை பிள்ளைகளிடம் வேறு வடிவத்தில் போய்ச் சேருகிறது. ஒரு பையன் கேட்டான்: "அவன சர்ச்சுக்குக் கூட்டிட்டு வரக்கூடாதுன்னா, அவன் என் கூட்டாளி இல்லையா டீச்சர்?" அவன் வயது ஏழு. இதற்கு ஆசிரியர் கையேட்டில் பதில் இல்லை. மலேசியத் தமிழர்களில் பெரும்பாலோர் இந்துக்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வகுப்பில் பலருக்குத் தாத்தா பாட்டி, சித்தப்பா பிள்ளைகள் எல்லாம் கோயிலுக்குப் போகிறவர்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிற அத்தை மகனை அழைத்து வந்தால்தான் அவன் கூட்டாளிக் கணக்கில் சேருவான் என்று ஒரு பிள்ளை நினைக்க ஆரம்பித்தால், நாம் கற்றுக்கொடுத்தது ஆள் சேர்ப்பு.

அறிமுக விளையாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதியவர் வந்தால் கேட்பது மூன்று கேள்வி: பெயர் என்ன, எந்தப் பள்ளி, பிடித்த பாடம் எது. மலேசியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. அகதிப் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளியில் இடம் கிடையாது. தன்னார்வ அமைப்புகளும் சமூகக் குழுக்களும் நடத்தும் கற்றல் மையங்களுக்குத்தான் போக முடியும். இந்தப் பையன் அதற்கும் அப்போது போகவில்லை. இரண்டாவது கேள்வியிலேயே வாயடைத்துப் போனான். எனக்கு இதில் உறுத்துவது வரலாறு. 1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரைக்ஸ் ஞாயிறு பள்ளியை ஊக்குவித்துப் பரப்பியது வாரம் முழுவதும் வேலைக்குப் போய், எந்தப் பள்ளியையும் பார்க்காத பிள்ளைகளுக்காக. பள்ளி இல்லாத பிள்ளைக்காகவே பிறந்த இடத்தில், பள்ளி இல்லாத பிள்ளைதான் தலைகுனிந்து நின்றான்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் பாடத்திட்டத்தின் குழப்பம் ஒன்று இருந்தது. நட்பையும் பிறரன்பையும் ஒரே மூட்டையாகக் கட்டி, 'எல்லாரும் எல்லாருக்கும் நல்ல கூட்டாளி' என்று முடித்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு இது பொய் என்று தெரியும். யாரோடு சேர்வது என்பது அவர்கள் விருப்பம். அதை யாரும் கட்டளையிட முடியாது. வேதாகமமும் அப்படிக் கட்டளையிடவில்லை. கட்டளையாக வருவது அன்பு. பெஞ்சில் இடம் விடுவது, பாட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் இருப்பவனுக்கும் தெரியும்படி பிடிப்பது, அவன் பேசி முடிக்கும் வரை காத்திருப்பது, எல்லாருக்கும் சொல்லும் செய்தியை அவனுக்கும் சொல்வது. இவற்றைக் கேட்டு வாங்கலாம். நட்பு அதன் பிறகு வந்தால் வரட்டும்.

செய்த மாற்றங்கள்

அட்டையை இறக்கினோம். எதிர்ப்பு பிள்ளைகளிடமிருந்து வரவில்லை, பெற்றோரிடமிருந்து வந்தது. "பிள்ளைக்கு ஒரு ஊக்கம் வேணாமா?" என்றார் ஒரு தகப்பனார், அவர் மகன்தான் முதலிடத்தில் இருந்தான். அவன் சேர்த்த நட்சத்திரங்களுக்கு உரிய பரிசைக் கொடுத்துவிட்டே அட்டையை எடுத்தோம். அது நியாயம்.

கதைகளைக் குறைத்தோம். வாரத்துக்கு ஒன்று என்று ஓடுவதை விட்டு, பருவத்தின் மீதிக்கு இரண்டே கதை. நல்ல சமாரியனை வேண்டுமென்றே தள்ளிவைத்தேன். டீச்சருக்கு இது வியப்பு. பிறரன்பு என்றாலே, கள்ளர் அடித்துப் போட்ட வழிப்போக்கனுக்குச் சமாரிய இனத்தான் ஒருவன் உதவிய அந்தக் கதைதானே. ஆனால் அந்த அறையில் அதைச் சொன்னால் பிள்ளைகள் பாத்திரம் பிரித்துக்கொள்வார்கள்: அடிபட்டுக் கிடப்பவன் புதியவன், சமாரியன் நாங்கள். இயேசு அந்தக் கதையை முடிக்கும் கேள்வியோ கள்ளர் கையில் அகப்பட்டவனுக்கு யார் பிறனாயிருந்தான் என்பது. அதற்கு வந்த பதில், கேட்டவர்கள் கீழாக நினைத்த இனத்தான். அந்தத் திருப்பத்தை உணர, பிள்ளைகள் முதலில் அந்தப் பையனிடமிருந்து ஏதாவது ஒன்றைப் பெற்றிருக்க வேண்டும்.

எடுத்த முதல் கதை மாற்கு இரண்டாம் அதிகாரம்: கப்பர்நகூம் ஊரில் இயேசு இருந்த வீட்டுக்கு, நடக்க முடியாத திமிர்வாதக்காரன் ஒருவனை நாலு பேர் சுமந்து வந்து, கூட்டத்தால் உள்ளே போக முடியாமல், கூரையைப் பிரித்து இறக்கியது. பழைய படுக்கை விரிப்பு ஒன்றின் நடுவில் பத்துக் கிலோ அரிசி மூட்டையை வைத்து, நாலு முனைக்கு நாலு பேர். வகுப்பறையிலிருந்து தாழ்வாரம் தாண்டிச் சமையலறை வரை கொண்டுபோக வேண்டும். மூட்டைக்குப் பதில் புதியவனைப் படுக்க வைக்கலாமே என்றுதான் துணை ஆசிரியைக்கு முதலில் தோன்றியது. சுமக்கப்படுகிறவனாக அல்ல, சுமக்கிறவர்களில் ஒருவனாக அவனை நிறுத்தும்படி கேட்டுக்கொண்டேன். இந்தச் சின்ன மாற்றத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்பது என் கணிப்பு.

முதல் நால்வர் மூன்றாவது அடியிலேயே கீழே போட்டார்கள், உயரம் ஒத்துவரவில்லை. யார் எந்தப் பக்கம் என்று சண்டை. எல்லாரும் ஆங்கிலத்தில் கத்த, அவன் "பொறுங்கோ, பொறுங்கோ, ஒண்டாத் தூக்குவம்" என்றான். சிரித்தார்கள். ஆனால் அடுத்த முறை தூக்கும்போது எண்ணியது "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று அவன் பாணியில்தான். கேலியா ஒட்டுதலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்த வயதில் இரண்டும் ஒரே வாசல் வழியாகத்தான் வருகின்றன. மூட்டை சமையலறை போய்ச் சேர்ந்தது. இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" நோயாளியிடம் பேசினார் என்று வசனம் சொல்கிறதே, யாருடைய விசுவாசம் என்று டீச்சர் கேட்க, பதில் வருவதற்குள் ஒருத்தி குறுக்கிட்டாள்: "அந்தக் கூரைய யாரு ரிப்பேர் பண்ணா?" அன்றைய மீதி வகுப்பு அந்தக் கேள்வியிலேயே போனது. வீட்டுக்காரர் கோபப்பட்டிருப்பாரா, நாலு பேரும் மறுநாள் வந்து சரிசெய்தார்களா, ஒருவனுக்காக இன்னொருவன் வீட்டை உடைக்கலாமா. பாடத்திட்டத்தில் இல்லாத விவாதம். நான் கேட்டதில் மிக நல்ல விவாதம்.

இரண்டாவது கதைக்குத் தாவீதையும் யோனத்தானையும் எடுத்தோம், ஆனால் முடிவிலிருந்து. யோனத்தான் தன் சால்வையையும் பட்டயத்தையும் வில்லையும் கச்சையையும் கழற்றிக் கொடுத்த காட்சி படத்துக்கு அழகு. இரண்டு வீரர்கள், ஒருவரையொருவர் பிடித்துப் போயிற்று; அதில் பிள்ளைகளுக்குப் புதிதாக ஒன்றுமில்லை. சாமுவேலின் இரண்டாம் புத்தகம் ஒன்பதாம் அதிகாரத்தில், யோனத்தான் செத்துப் போன பிறகு, அவன் குடும்பத்தில் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று தாவீது விசாரிக்கிறான். யோனத்தானின் மகன், இரண்டு காலும் முடமான மேவிபோசேத், லோதேபார் என்ற ஊரில் ஒதுங்கிக் கிடக்கிறான். அவனை வரவழைத்து நிலத்தைத் திருப்பிக் கொடுத்து, தன் பந்தியில் நாள்தோறும் சாப்பிட வைக்கிறான். மேவிபோசேத் தாவீதுக்குக் கூட்டாளி இல்லை. அதற்கு முன் பழகியதாகக் கதையில் எங்கும் இல்லை. யோனத்தானுக்குக் கொடுத்த வாக்குக்காகப் போட்ட இலை அது. நட்புக்கும் பிறரன்புக்கும் உள்ள உறவைப் பிள்ளைகளிடம் இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்கு வேறு கதை தெரியாது.

வகுப்பறைக்கு வெளியே, ஆராதனையில்தான் அதிக மாற்றம். சீட்டுக் குலுக்கிப் போட்டு இரண்டிரண்டு பேராகச் சேர்த்தோம். மாதம் ஒருமுறை ஜோடி மாறும். ஒரு ஜோடி வாசலில் பாட்டுப் புத்தகம் கொடுக்கும், ஒன்று காணிக்கைப் பையைக் கொண்டுபோகும், ஒன்று வேதபாடம் வாசிக்கும். வாசிப்புக்கு அமெரிக்கச் சமூக உளவியலாளர் எலியட் அரோன்சனின் முறையைக் கடன் வாங்கினோம். 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் வெள்ளை, கறுப்பு, மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் சேர்ந்து அடிதடி ஆனபோது, பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொன்று கொடுத்தார் அவர். மற்றவன் சொல்வதைக் கேட்காமல் யாரும் முழுப் பாடத்தையும் அறிய முடியாது. இங்கே பகுதியை வரிவரியாகப் பிரித்து ஆளுக்கொரு தாள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தில். தேசியப் பள்ளி, சீனப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர்கள் வாசிக்கக்கூடிய ரோமன் எழுத்தில். இலங்கைப் பையன் தமிழ் எழுத்தைத் தண்ணீராக வாசிப்பான். "டீச்சர், இதை உரத்து வாசிக்கட்டோ?" என்று கேட்டபோது வகுப்பு முதன்முறையாக அவனைத் திரும்பிப் பார்த்தது. அவனை ஒரேயடியாக மேடையேற்றி அதிசயம் காட்டிவிடாமல், ஜோடியில் பாதியாகவே வைத்திருந்தோம்.

இவ்வளவு கவனமாக இருந்தும் ஒன்று வெளியிலிருந்து வந்தது. அவன் வாசித்த ஞாயிறு, கோப்பியும் கறிபாப்பும் வைத்திருந்த மேசையருகே மூதாட்டி ஒருவர் அவனைப் பிடித்துக்கொண்டார். பாட்டனார் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். "எந்த ஊர் தம்பி? அப்பா என்ன செய்றார்? எப்ப வந்தனீங்கள்?" பாசத்தோடுதான் கேட்டார். தாயின் முகம் வெளிறிவிட்டது. அகதி அட்டையை மட்டும் நம்பி நாள் கழிக்கும் குடும்பத்துக்கு அவை நலம் விசாரிக்கும் கேள்விகளாகக் கேட்பதில்லை. அன்றே இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன: அறிமுகத்தில் பள்ளி, ஊர், அப்பா வேலை எதுவும் கேட்பதில்லை, 'உனக்கு என்ன விளையாடப் பிடிக்கும்' போதும், பிள்ளைகளின் படம் சபையின் முகநூல் பக்கத்தில் போவதில்லை.

ஆராதனையோடு நேரடியாகத் தொட்ட இன்னொரு சம்பவம், புதியவனைப் பற்றியதே அல்ல. காற்பந்துத் தகராறில் இரண்டு பையன்கள் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். சீட்டில் காணிக்கைக்கு அவர்களே ஜோடியாக வந்தார்கள். காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்கிறது மத்தேயு ஐந்தாம் அதிகாரம். இதை வைத்து எல்லார் முன்னும் கைகொடுக்கச் சொல்வதுதான் ஞாயிறு பள்ளிகளில் வழக்கம். பிள்ளைகள் கைகொடுப்பார்கள், வாசலில் மறுபடி முறைத்துக்கொள்வார்கள். டீச்சர் அப்படிச் செய்யவில்லை. இன்றைக்கு உங்களால் முடியாதென்றால் பையை வேறு ஜோடி எடுக்கட்டும், உங்கள் காணிக்கை உங்களிடமே இருக்கட்டும் என்றார். ஒருவன் தன் ஒரு வெள்ளித் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். அடுத்த வாரமும் அப்படியே. பாட்டி கேட்டிருக்கிறார், இவன் சொல்லியிருக்கிறான், பாட்டி மற்றவன் வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறார். மூன்றாவது வாரம் இரண்டு பேரும் பையை எடுத்தார்கள். மன்னிப்பு என்ற பேச்சே அவர்களிடையே வந்ததாகத் தெரியவில்லை.

பலித்ததும் பலிக்காததும்

பையன் தொடர்ந்து வருகிறான். பெஞ்சில் அவன் இடம் இப்போது நிலையாக ஓரமில்லை. சமாதானம் சொல்லும்போது 'இன்றைக்கு இன்னும் பேசாத ஒருவரிடம் முதலில் போ' என்ற ஒரே விதியை வகுப்பில் பழக்கினோம். பெரும்பாலோர் கடைப்பிடிக்கிறார்கள், சிலர் ஓடிப் போய்த் தொட்டுவிட்டு வருகிறார்கள்.

அழைத்து வந்த சிறுமியும் அவனும் நெருங்கிய கூட்டாளிகளாகிவிடவில்லை. பிள்ளைகள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசுவது நிற்கவில்லை. துரித உணவகத்தில் நடந்த பிறந்தநாள் விருந்துக்கு வகுப்பில் பலருக்கு அழைப்பு போனது, அவனுக்குப் போகவில்லை. ஒரு பையன் டீச்சரிடம் நேராகவே சொன்னான்: "எனக்கு அவன அவ்வளவா பிடிக்கல. ஆனா எடம் விடுவேன்." டீச்சர் சரி என்றார். நானும் சரி என்றேன். சபைக் குழுவில் ஒருவர் இதைத் தோல்வி என்றார். எனக்கு அந்தப் பருவத்தின் மிக நேர்மையான விடை இதுவாகத்தான் படுகிறது.

உண்மையில் பெரிய பலன் தந்த மாற்றம் கதையும் இல்லை, சீட்டும் இல்லை. யோவான் பதினைந்தாம் அதிகாரத்தில் இயேசு சீஷர்களைச் சிநேகிதர் என்று அழைத்து, அதற்குக் காரணமும் சொல்கிறார்: பிதாவிடம் கேள்விப்பட்ட எல்லாவற்றையும் உங்களுக்கு அறிவித்தேன். சிநேகிதன் என்றால் சேதி தெரிந்தவன். ஞாயிறு பள்ளியின் சேதி எல்லாம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தாய் அதில் இல்லை. ஏரித் தோட்டத்துக்குப் பிள்ளைகள் சுற்றுலா போனது அவருக்குத் திங்கட்கிழமைதான் தெரிந்தது. சேர்த்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் மட்டும் போய்க்கொண்டிருந்த அறிவிப்போடு இப்போது ஒரு தமிழ் குரல்பதிவும் போகிறது, அதைப் பதிவது துணை ஆசிரியை. வேன் எத்தனை மணிக்கு, தொப்பி வேண்டுமா, சாப்பாடு யார் கொண்டுவருவது என்று அந்தத் தாயும் இப்போது குழுவில் கேட்கிறார்.

இனி பார்க்க வேண்டியது பன்னிரண்டு வயது. இந்த வகுப்பை முடித்தவர்கள் இளையோர் ஆராதனைக்குப் போவார்கள். அது இந்தச் சபையில் முழுக்க ஆங்கிலம். இரண்டு மூன்று ஆண்டில் இந்தப் பையன் அங்கே போகும்போது, தமிழ் வாசிப்பால் கிடைத்த இடம் உதவாது. இளையோர் தலைவர்களோடு டீச்சர் இப்போதே உட்கார்ந்து பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாரத்தில் ஒரு மாலை அவனுக்கும் அவனைப் போன்ற வேறு பிள்ளைகள் வந்தால் அவர்களுக்கும் ஆங்கிலமும் கணக்கும் சொல்லித்தர ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர் முன்வந்திருக்கிறார்கள். இடம் ஆலயக் கூடமா, பிளாட்டின் கீழ்த்தளமா என்பது முடிவாகவில்லை. தாய் பிளாட்டையே விரும்புகிறார், இருட்டிய பிறகு பிள்ளை தெருவில் நடக்க வேண்டியிருக்காது என்பதால்.